குச்சிகளுக்கிடையே ஓட ஒரு கார்

எங்கள் வீட்டுச் சோறு லாரிக்குப் பாடி கட்டுவதில் வந்தது. கம்பெனியிலிருந்து லாரி வெறும் எலும்புக்கூடாக வரும். கூரையும் இல்லை, கதவும் இல்லை. தலையில் துண்டைச் சுற்றிய ஓட்டுநர் ஒரு பலகைமேல் உட்கார்ந்து வெயிலில் ஓட்டி வருவார். சில வாரங்களில் அதுவே கேபினும் பலகையும் பூவேலையுமாக, முகப்பில் குலதெய்வத்தின் பெயரோடு, எங்கள் பட்டறை வாசலைத் தாண்டிப் போகும்.

கல்யாணமாகி நாமக்கல் வந்த புதிதில் இது மட்டும்தான் தொழில் என்று நினைத்திருந்தேன். பின்பக்கக் கொட்டகையைப் பிறகுதான் பார்த்தேன். அடிபட்ட வண்டிகள் அங்கே வரும். தண்ணீரை அடித்துக் கழுவுவார்கள். மடங்கியதை நிமிர்த்துவார்கள், கிழிந்ததை வெட்டி ஒட்டுவார்கள், மேலே சாயம் அடிப்பார்கள். உள்ளே வரும்போது கண்ணால் பார்க்க முடியாத வண்டி, போகும்போது கல்யாண மாப்பிள்ளை போலப் போகும். அதை வாங்குகிறவர் வேறு மாவட்டத்துக்காரராக இருப்பார். அன்றிலிருந்து பளபளப்பாக நிற்கும் எந்த வண்டியையும் நான் நம்பியதில்லை.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கியிருந்த சமயம். நான் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். எங்கள் ஒரே மகன் பாலிடெக்னிக் முடித்து, சேலத்தில் ஒரு மில்லில் வேலையில் இருந்தான். வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவான். அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தட்டில் கையை வைத்துக்கொண்டே, சேலத்தில் கார் வைத்திருப்பவர்கள் சிலர் சேர்ந்து ஒரு போட்டி நடத்தப்போகிறார்கள், தானும் ஓட்டப்போகிறேன் என்றான்.

ரேஸா என்று கேட்டேன். ரேஸ் இல்லை என்று விளக்கினான். ஒரு பொட்டல் மைதானத்தில் வளைந்து வளைந்து குச்சி நட்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். குச்சிகளுக்கு இடையே புகுந்து யார் சீக்கிரம் சுற்றி வருகிறார்களோ அவருக்குப் பரிசு. குச்சியைச் சாய்த்தால் நேரத்தைக் கூட்டிவிடுவார்கள். அதில் 'ஸ்ட்ரீட் கிளாஸ்' என்று ஒரு பிரிவு உண்டு. நாம் தெருவில் ஓட்டுகிற சாதாரணக் கார்களுக்கானது. கம்பெனி எப்படிக் கொடுத்ததோ அப்படியே இருக்க வேண்டும். டயரில் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம், வேறு எதையும் மாற்றக் கூடாது. "அதனால எந்தக் காரை எடுக்கறோம்கிறதுலதான் பாதி போட்டியே இருக்குதும்மா" என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவரின் அண்ணன் சிரித்தார். "குச்சியச் சுத்தி வாரதுக்கு எதுக்குடா காரு? செக்குமாட்ட ஓட்டிட்டுப் போ. அது கண்ணக் கட்டுனாலும் குச்சியத் தொடாது."

என் கணவர் சிரிக்கவில்லை. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இருவரும் ஒரு பக்கம் என்று.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். நண்பன் யாரிடமாவது கார் வாங்கி ஓட்டிக்கொள்கிறேன் என்றான் மகன். அது இன்னும் மோசம். யாருடைய கார், எங்கே அடிபட்டது, யார் ஒட்டியது என்று நான் எங்கே போய்ப் பார்ப்பேன்? கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தேன். கார் நம்முடையதாக இருக்க வேண்டும். அதை நான் முன்னும் பின்னும் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே வாங்க வேண்டும். அவன் பரிசு வாங்குகிறானா இல்லையா என்பது எனக்குப் பொருட்டில்லை. போன எலும்பெல்லாம் முழுசாகத் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான்.

"பொண்ணு பாக்கப் போறப்பக்கூட உங்கம்மா இத்தன கேள்வி கேக்கமாட்டா" என்றார் என் கணவர்.

"பொண்ணு கவுந்து உழுகாதுங்க" என்றேன்.

முதலில் நாமகிரிப்பேட்டைக்குப் போனோம். ஒரு மஞ்சள் வியாபாரியின் அம்பாசடர். என் கணவர் பார்த்து வைத்தது. கதவை விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். "கேட்டியா சத்தத்த? தகரம் எப்பிடி இருக்குது பாரு. எவன் வந்து இடிச்சாலும் அவனுக்குத்தான் சேதம்." அவருக்குக் கனம்தான் பலம். லாரியோடு வாழ்கிறவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். நான் குனிந்து, நிமிர்ந்து, கதவு இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தேன். விரல் மஞ்சளாக வந்தது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு மூட்டை ஏற்றியிருக்கிறார்கள். வேறு கள்ளத்தனம் தெரியவில்லை. இருந்தாலும் வியாபாரி ஏன் இவ்வளவு தூரம் எங்களை உபசரிக்கிறார் என்று யோசித்தபடி அவர் கொடுத்த காபியைக் குடித்தேன்.

மகன் அதை மஞ்சள் காயப்போடும் களத்தில் ஒரு வட்டம் ஓட்டினான். களம் பெரியது. இருந்தும் ஒரே வீச்சில் திரும்பவில்லை. பின்னால் எடுத்துத் திரும்ப வேண்டியிருந்தது. இறங்கி வந்து அப்பாவின் காதோரம் சொன்னான்: "இதத் திருப்பறதுக்குள்ள நட்ட குச்சி தழைஞ்சுருமுங்கப்பா."

அங்கிருந்து ஆத்தூர். ஒரு ஜவ்வரிசி ஆலையின் வாசலில் பியட் ஒன்று நின்றது. கறுப்பு நிறம், எண்ணெய் தேய்த்த குதிரை போல மின்னியது. தரகர் ஓடிவந்து என்னிடம்தான் பேசினார். காரியம் யாரிடம் இருக்கிறது என்று தரகர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

"ஒரே கை மாறின வண்டிம்மா. ஒரு லேடி ஓட்டினது. வேகமாப் போனதே கிடையாது."

"எந்த ஊர் அம்மா?"

"மெட்ராஸ்ம்மா."

"அப்புறம் சேலத்து நம்பரா இருக்குதே?"

"அவங்க... இங்கதான் கல்யாணம் பண்ணிக் குடுத்தது."

மகன் இதற்குள் காரில் ஏறி ஆலை வளாகத்தைச் சுற்றிவிட்டு வந்தான். முகம் மலர்ந்திருந்தது. திருப்பினால் திரும்புகிறது, மிதித்தால் ஓடுகிறது, இதைவிடப் பொருத்தமாகக் கிடைக்காது என்றான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் காரைப் பார்த்தேன். கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரப்பரின் ஓரத்தில் மயிரிழை அளவுக்குக் கறுப்புச் சாயம் ஏறியிருந்தது. கம்பெனியில் சாயம் அடித்த பிறகுதான் ரப்பரை மாட்டுவார்கள். ரப்பரில் சாயம் இருந்தால் அது பிறகு அடித்தது. பின் சீட்டைத் தூக்கச் சொன்னேன். தரகர் தயங்கினார். நானே தூக்கினேன். மூலையில் கையை விட்டுத் துழாவினேன். சிறு சிறு கண்ணாடிக் கற்கள் கையில் வந்தன.

"சோடா பாட்டில் ஒடைஞ்சிருக்கும்மா" என்றார் தரகர்.

"சோடா பாட்டில் கல்கண்டு மாதிரி ஒடையாதுங்க. கார் முன்கண்ணாடிதான் இப்படி ஒடையும்."

தரகர் என் கணவரைப் பார்த்தார். "அம்மா போலீஸ்ல வேலையா?"

"பள்ளிக்கூடத்துல. அது இன்னும் மோசமுங்க" என்றார் அவர்.

திரும்பும் வழியெல்லாம் என் கணவர்தான் பேசிக்கொண்டு வந்தார். அந்தக் காருக்குத் தனியாகச் சேசிஸே கிடையாது, கூடும் அடிச்சட்டமும் ஒன்று, எலும்பில்லாத பண்டத்தை எப்படி நம்புவது, நல்லவேளை போயிற்று என்றார். பாடி கட்டுகிறவருக்கு அடிச்சட்டம் வேறு, மேல்கூடு வேறு என்று இருந்தால்தான் அது வண்டி.

ஹெரால்டு என்ற சின்னக் கார் கிடைத்தது சேலத்தில். அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு கண் டாக்டர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தன் கண்ணே மங்கிவிட்டதால் காரை விற்பதாகச் சொன்னார். அதைக் கேட்டதுமே எனக்கு உறுத்தியது. கண் டாக்டருக்குக் கண் மங்கியது என்பது கதைபோல அல்லவா இருக்கிறது? விலையும் அவர் அதிகம் கேட்கவில்லை. அதுவும் உறுத்தியது.

கார் வெளிறிய பச்சை. முன்பக்கம் முழுவதும் முதலை வாய் போல ஒரே துண்டாகத் திறந்தது. இடப்பக்கம் ஒரு நீளக் கீறல். நான் அதைத் தொடுவதற்கு முன்பே டாக்டர் சொன்னார்: "அது நான் இடிச்சது, டீச்சர். இந்த கேட்லதான். பாருங்க, கேட்லயும் பச்சை ஒட்டியிருக்கும்."

இருந்தது. அது எனக்கு நிம்மதி தரவில்லை. பெரிய காயத்தை மறைக்கச் சின்னக் காயத்தைத் தானே முந்திக்கொண்டு காட்டுவது எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு லாரி முதலாளியின் பழக்கம். ரப்பரைப் பார்த்தேன், சுத்தம். சீட்டைத் தூக்கினேன், ஒரு பழைய நாணயமும் சீப்பும் கிடைத்தன. சாயம் எங்கும் ஒரே மாதிரி வெளிறியிருந்தது. குற்றம் எதுவும் அகப்படாதது எனக்கு அதிகக் கலக்கத்தைத் தந்தது. தெருமுனையில் துணி தேய்ப்பவரிடம் போய், அந்த டாக்டர் கார் எப்படி என்று விசாரித்தேன். "ஓட்டினதவிடத் தொடைச்சதுதாம்மா ஜாஸ்தி" என்றார். அவரும் டாக்டருடைய ஆள்தானோ என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன்.

என் கணவர் காருக்கு அடியில் படுத்திருந்தார். ஹெரால்டுக்கு அடிச்சட்டம் தனி, கூடு தனி. லாரியைப் போலவே. அவருக்கு உறவுக்காரரைச் சந்தித்தது போல இருந்தது. நூலை எடுத்துச் சட்டத்தின் மூலைக்கு மூலை பிடித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. "குண்டுமணி கோணல் இல்ல அம்முணி. இந்த வண்டி எங்கயும் அடிபடல" என்று மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பிறகு பின்பக்கம் போய் நின்று தலையைச் சாய்த்தார். "ஆனா பொறகால சக்கரம் ரெண்டும் ஏனுங்க இப்பிடி அகட்டி நிக்குது?"

நானும் பார்த்தேன். பின் சக்கரங்களின் தலை உள்ளே சாய்ந்து, கால் வெளியே அகன்றிருந்தது. நிறைமாதக் கர்ப்பிணி நிற்பது போல.

"அது அப்படித்தான் நிக்கும்" என்றார் டாக்டர்.

அது அப்படித்தான். எத்தனை தரகர்கள் வாயிலிருந்து இந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன்! கதவு மூடவில்லையா, அது அப்படித்தான். புகை வருகிறதா, அது அப்படித்தான். நான் டாக்டரின் முகத்தையே பார்த்தேன். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. எதையும் படிக்க முடியவில்லை.

அதற்குள் மகன் காரில் ஏறிவிட்டான். டாக்டர் வீட்டு முற்றம் ஒரு கல்யாணப் பந்தலைவிடச் சிறியது. நடுவில் கிணறு வேறு. அவன் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தான். கார் பம்பரம் போலக் கிணற்றைச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. பின்னால் எடுக்கவே இல்லை. இறங்கியவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, கெஞ்சவில்லை. காரின் கூரைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான். சிறு வயதில் கண்காட்சியில் ஒரு நாய்க்குட்டிப் பொம்மையின்மேல் இப்படித்தான் கை வைத்துக்கொண்டு நின்றான். சரி என்று சொல்லிவிட்டேன்.

கார் நாமக்கல் வந்து பட்டறையில் நின்றது. மகன் வேலைக்குப் போய்விட்டான். சில நாட்கள் கழித்து வீட்டு வாசலுக்கு அது வந்தபோது கழுவித் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, பின் சக்கரங்கள் நேராக, கம்பீரமாக நின்றது. பின்பக்கம் முன்னைவிட உயர்ந்தும் இருந்தது. நானும் பார்த்தேன். சர்வீஸ் செய்தேன் என்றார் என் கணவர். அவருடைய அண்ணன் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "இப்பத்தாண்டா ஆம்பள மாதிரி நிக்குது" என்றார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. மகன் வந்து ராசிபுரம்வரை ஓட்டிவிட்டு வந்தான். ரோட்டில் நன்றாகத்தான் ஓடியது.

சித்திரை மாதம். ஊருக்கு வெளியே ஏரி வற்றிக் கிடந்தது. மகன் மரவள்ளிக் குச்சிகளைக் கட்டாகக் கட்டிக் கொண்டுபோய், தலைக்குச் சுண்ணாம்பு பூசி, ஏரிக்குள் வளைவு வளைவாக நட்டான். பழகிப் பார்க்கத்தான். நாங்களும் போயிருந்தோம். கரைமேல் ஒரு வேலமரத்தடியில் நின்றேன். முதல் சுற்று மெதுவாகப் போனான். இரண்டாவது சுற்றில் மண் பறந்தது. குச்சிகளுக்கு நடுவே அந்தப் பச்சைக் கார் மீன் நெளிவது போல நெளிந்து போனதைப் பார்த்தபோது, உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த சுற்றில், கடைசி வளைவில், கார் திரும்பியது. திரும்பும்போதே அதன் பின்பக்கம் எழும்பியது. யாரோ கீழிருந்து தூக்குவது போல. வெளிப்பக்கத்துப் பின் சக்கரம் உள்ளே மடங்கியதை நான் பார்த்தேன். கோழி ஒரு காலை மடக்கிக்கொள்ளுமே, அதைப் போல. பிறகு கார் அந்த மடங்கிய காலின்மேல் ஏறி, நிதானமாக, மிக நிதானமாகச் சாய்ந்து விழுந்தது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு பள்ளியில் யாராவது மேசையைச் சாய்த்துவிட்டால் சாக்பீஸ் கையிலிருந்து விழுந்துவிடும்.

ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று தெரியாது. கார் ஒருக்களித்துக் கிடந்தது, அடிவயிறு முழுவதும் எங்கள் பக்கம் தெரிய. மேலே இருந்த சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. என் கணவர் மேல் கதவைப் பிய்ப்பது போலத் திறந்து மகனை வெளியே இழுத்தார். தலையில் ரத்தம். ஒரு தோள் தொங்கியிருந்தது. "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மா" என்றான். பேசுகிறான் என்பது மட்டும் எனக்குக் கேட்டது.

அவனைத் தரையில் படுக்க வைத்துத் தலைக்குத் துணி கட்டும்போதுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன். எதிரே காரின் அடிப்பாகம். பின் சக்கரங்களுக்குக் குறுக்கே வில் போல ஓர் இரும்பு ஸ்பிரிங். பட்டை பட்டையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது. எல்லாப் பட்டைகளும் பழையவை, கறுத்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறியவை. நடுவில் ஒன்று மட்டும் செங்காவி நிறம். துருப்பிடிக்காமல் இருக்க எங்கள் பட்டறையில் எந்த இரும்புக்கும் பூசுகிற சாயம் அது. எங்கள் வீட்டு வாளியிலிருந்து ஜன்னல் கம்பிவரை அந்த நிறம்தான்.

மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

கழுத்தெலும்பு முறிந்திருந்தது, தலையில் தையல். உயிருக்கு ஆபத்தில்லை என்று சொன்ன பிறகு என் கணவருக்குக் கோபம் வந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே கத்தினார். "அந்தக் கண்ணு டாக்டரு நம்மள ஏமாத்திப்போட்டான். சக்கரம் மடங்குற வண்டிய என்ற தலையில கட்டிப்போட்டான்." அவருடைய அண்ணன் தலையை ஆட்டினார். "அன்னைக்கே அகட்டி நின்னுச்சுல்ல? வாடா, போய்க் கேட்டுப்போட்டு வரலாம்."

மறுநாள் இருவரும் பட்டறை ஜீப்பில் சேலம் புறப்பட்டார்கள். நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அவர்கள் டாக்டரை வைதுகொண்டு வந்தார்கள். நான் என் கணவரின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷமாக எல்லோரையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். தரகரை, வியாபாரியை, துணி தேய்ப்பவரைக்கூட. இந்தக் கழுத்தைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றியதே இல்லை. தெரிந்தே வைத்தாரா, மறந்துவிட்டாரா, இப்போது மறைக்கத்தான் இவ்வளவு சத்தம் போடுகிறாரா? சந்தேகம் ஒரு முறை வீட்டுக்குள் வந்துவிட்டால் எந்த அறையிலும் நிற்காமல் நடக்கிறது.

டாக்டர் எங்களை உட்காரச் சொன்னார். நாங்கள் உட்காரவில்லை. என் கணவர் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். டாக்டர் முதலில் கேட்டது, "பையன் எப்படி இருக்கான்?" பிறகு, "நான் அதை ஏற்காட்டுக்கே ஓட்டியிருக்கேங்க. இப்படி ஆனதில்ல. சாயறப்ப பின் சக்கரம் எப்படி நின்னது?"

"எப்பிடி நின்னா என்ன? நீங்கதான அது அப்பிடித்தான்னு சொன்னீங்களாம்?" என்றார் அண்ணன்.

"ஏனுங்க" என்றேன் என் கணவரைப் பார்த்து. "அந்தச் செவப்புப் பட்டை நம்முளுதுதானுங்க?"

என் கணவர் என்னை ஏதோ புரியாத மொழியில் பேசியவளைப் போலப் பார்த்தார். அவர் மறைக்கவில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. அவருக்கு அது ஒரு விஷயமாகவே இல்லை.

"ஆமா. பலத்துக்கு ஒரு பட்டை கூட்டுனேன். அதுக்கென்ன? நம்ம பட்டறையில இருந்து ஒரு வண்டியாச்சும் பட்டை கூட்டாமப் போயிருக்குதா?"

அவர் சொன்னது உண்மை. எங்கள் பக்கத்து லாரிகள் ஏற்றக் கூடியதைவிட எப்போதும் அதிகமாகத்தான் ஏற்றும். அதனால் புது லாரி வந்தால் பாடி கட்டுவதற்கு முன்பே பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாக வைத்துவிடுவார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை. குழந்தைக்கு அரைஞாண் கட்டுவது போல.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இரண்டு உள்ளங்கைகளையும் கவிழ்த்து விரல் நுனிகளை ஒட்டினார். "லாரியில ரெண்டு பின் சக்கரமும் ஒரே அச்சு. இதுல தனித்தனி. பறவை சிறகு மாதிரி மேலயும் கீழயும் ஆடும். பாரம் அழுத்தி, சிறகு மேல தூக்கி, சக்கரம் அகட்டி நிக்கணும். அப்பத்தான் திருப்பத்துல தரையைப் பிடிக்கும்." விரல் நுனிகளை மேலே உயர்த்தினார். சக்கரங்களைப் போல மணிக்கட்டுகள் தாழ்ந்து உள்ளே வந்தன. "பின்பக்கத்தை ஒசத்திட்டா, திரும்பறப்ப வெளிச் சக்கரம் இப்படி உள்ள மடங்கும். வண்டி அதும்மேலயே ஏறிடும்."

எனக்குப் புரிந்துவிட்டது. இதையே கரும்பலகையில் வரைந்து நடத்துகிறவள் நான். அண்ணன் சுவரைப் பார்த்தார். என் கணவர் டாக்டரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். அப்போதுதான் உட்கார்ந்தார்.

அப்படியே ஜீப்பில் வீடு திரும்பினோம்.

நான் நினைத்தது, இத்தோடு முடிந்தது என்று. மகன் கட்டுப் போட்ட தோளோடு, போட்டி ஆனி மாதம்தான், அதற்குள் எலும்பு கூடிவிடும் என்றான். காரின் மேல் குற்றமில்லை என்பதுதான் தெரிந்துவிட்டதே என்றான். அழுதேன், கத்தினேன். அவன் அசையவில்லை. கடைசியில் என் பழைய நிபந்தனையையே மறுபடி வைக்க வேண்டியதாயிற்று. கார் சேலத்துக்குப் போக வேண்டும். டாக்டர் வழக்கமாக வேலைக்கு விடும் இடத்தில், அவர் கண் முன்னால், அது முன்பு எப்படி நின்றதோ அப்படி நிற்க வேண்டும். போட்டிவரை அங்கேயே இருக்க வேண்டும்.

"என்ற பையன் வண்டிய நாந் தொடக் கூடாதா?" என்றார் என் கணவர்.

"தொடக் கூடாதுங்க."

அவர் எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார். அன்று மதியம் சாப்பிட வரவில்லை. ஆள் அனுப்பவும் எனக்கு மனம் வரவில்லை.

போட்டி நாளன்று சேலத்துக்கு வெளியே ஒரு பொட்டலில் கார்கள் வரிசையாக நின்றன. பியட்டுகள்தான் அதிகம். ஓடுவதற்கு முன்பு ஒவ்வொரு காரையும் ஒருவர் சோதித்தார். ஒல்லியான மனிதர்; முகத்தில் சிரிப்பே இல்லை. சீட்டைத் தூக்கினார். கதவு இடுக்கில் விரலை விட்டார். ஒரு பியட்காரர் ஏதோ சொல்ல வந்தபோது, "நீங்க சொல்ல வேண்டாம், வண்டி சொல்லட்டும்" என்றார். என்னைவிடப் பெரிய சந்தேகப் பிராணி ஒருவர் உலகத்தில் இருக்கிறார் என்று அன்றுதான் கண்டேன். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

எங்கள் காருக்கு அடியில் படுத்தவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு தலையை மட்டும் நீட்டினார். "பின் ஸ்பிரிங்கைக் கழட்டி மாட்டியிருக்கீங்க. போல்ட்டுல புதுத் தடம் இருக்கு. என்ன செஞ்சீங்க?"

மகன் வாயைத் திறந்தான். மூட்டைக் கூலிக்காரனைப் போல எட்ட நின்றுகொண்டிருந்த என் கணவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கார் ஏரியில் கவிழ்ந்த நாளிலிருந்து அவர் அதன் பக்கம் வந்ததே இல்லை.

"நாந்தானுங்க செஞ்சேன். லாரின்னு நெனச்சு ஒரு பட்டை கூட்டிப்போட்டேன். வண்டி கவுந்துபோச்சு. பையனுக்கு எலும்பு முறிஞ்சுது. இப்ப கழட்டியாச்சுங்க. சந்தேகமா இருந்தா எண்ணிப் பாருங்க."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்கும்படி சொன்னார். அந்த மனிதர் மறுபடி உள்ளே போய் எண்ணினார். வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "சரி, விடுங்க" என்றார்.

மகன் ஓட்டினான். கடைசி வளைவு வந்தபோது நான் கண்ணை மூடவில்லை. பின் சக்கரத்தை மட்டும் பார்த்தேன். கார் தரையோடு அழுந்திக்கொண்டு, மண்ணை வாரி இறைத்துத் திரும்பியது. எழும்பவில்லை. ஒரு குச்சி சாய்ந்தது. யாரோ கொடியை ஆட்டினார்கள். எத்தனையாவதாக வந்தான் என்று சொன்னார்கள், நடுவில் எங்கேயோ. பரிசு ஒரு பியட்டுக்குப் போனது. மகன் இறங்கி வந்து அந்தச் சாய்ந்த குச்சியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். நான் அவன் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

திரும்பும்போது அந்தக் காரிலேயே நாமக்கல் போகலாம் என்றான். என் கணவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீங்க போங்க. நான் பஸ்ஸுல வாரேன்."

"எதுக்குங்க பஸ்ஸு?"

"எதுக்கோ. வண்டிக்குப் பாரம் எதுக்கு?"

பஸ் நிற்கும் இடம் பார்த்து நடக்கத் தொடங்கினார். அவர் நடையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். தொடக் கூடாது என்று சொன்னவள் நான்தானே. அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு இன்னும் மனமில்லை. பட்டறையில் அந்தக் காரை விட இப்போதும் சம்மதிக்கமாட்டேன். ஆனால் ரோட்டில் ஓடுகிற காரில் உட்காருவது வேறு.

மகனை ஓட்டச் சொல்லிக் காரிலேயே அவர் பின்னால் போய், இறங்கி, முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

"பொறகால பாரம் இருந்தாத்தான் சக்கரம் நல்லா அழுந்துமாமுங்க. நான் பொறகால உக்காந்துக்கறேன். நீங்க முன்னால ஏறுங்க."

அவர் காரைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். கடைசியாகத்தான் என்னைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார். நான் கதவைச் சாத்தினேன். அவர் கைகளை மடிமேல் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். நாமக்கல் வரும்வரை அவற்றை வெளியே எடுக்கவில்லை.